கொரம்பு

மூன்றாம் நாளும் கொரம்பு நிற்கவில்லை.

காவிரியில் தண்ணீர் இல்லாமல் இல்லை. நடு ஆற்றில் இடுப்பளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வாய்க்காலின் தலைமதகுத் தளம் அந்த நீர்மட்டத்துக்கு மூன்றடி மேலே இருந்தது. எட்டு வருடங்களுக்கு முன்பு ஆற்று மணலும் மதகுத் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். பிறகு மணல் குவாரி வந்தது. ஆறு இறங்கிவிட்டது; மதகு இருந்த இடத்திலேயே இருந்தது.

கொரம்பு என்பது மூங்கில் முளைகளை வரிசையாக அடித்து, நாணலும் வைக்கோலும் திணித்து, மேலே மணலை வாரிப் போட்டு, ஆற்றுத் தண்ணீரை மதகுப் பக்கம் ஏற்றும் தடுப்பு. வெள்ளம் வந்தால் போய்விடும். மறு வருடம் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மறுபடி கட்ட வேண்டும். மணல் இருந்த காலத்தில் காலையில் ஆற்றில் இறங்கியவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்போது ஆற்றின் அடியில் வெறும் களி. முளை அரை அடிக்கு மேல் இறங்கவில்லை. நாற்பது பேர் கட்டியதைத் தண்ணீர் இரண்டு முறை உருட்டிக்கொண்டு போனது. மூன்றாம் முறை பாதி கட்டும்போதே போனது.

போடுவதற்கு மணலும் இல்லை. மதகை ஒட்டி அறுபதடி நீளத்துக்கு ஒரு திட்டு மட்டும் மிச்சமிருந்தது. மதகின் அஸ்திவாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான் என்பதால், ஒரு கூடை கூட அள்ளக் கூடாது என்று பாசன சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். சங்கத்தின் தலைவர் மருதையன். குவாரிக்கு எதிராகத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டவரும் அவர்தான். மூன்று வருடமாகச் சென்னைக்குப் போய்வந்ததில், மார்ச் மாதம் ஓர் இடைக்காலத் தடை கிடைத்தது: வழக்கு முடியும்வரை எந்த இயந்திரமும் ஆற்றில் இறங்கக் கூடாது. அதன் பிறகு குவாரியின் இரண்டு பொக்லைன்களும் கரையில் தூசி படிந்து நின்றன. அடுத்த விசாரணை வியாழக்கிழமை. இன்று திங்கள்.

மருதையன் கரையேறி வேட்டியைப் பிழிந்தார். அறுபது வயது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாததுபோல் இருந்தது.

"சித்தப்பா, இன்னும் எத்தனை தடவ முங்குறது?" என்றான் சதீஷ். அவருடைய அண்ணன் மகன். குவைத்தில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். "அதோ நிக்குது பாருங்க மிஷினு. ஒரு மணி நேர வேலை."

"அத எறங்க வுடாம பண்ணுனதே நாமதான்டா."

"நாமதானே? அப்ப நாமளே எறக்குவோம்."

யாரோ சிரித்தார்கள். மருதையன் சிரிக்கவில்லை.

வாய்க்காலின் கடைசியில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடும் அம்சம், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தபடி பக்கத்தில் வந்தாள். புருஷன் இறந்த பிறகு அவள் வீட்டுக்கான ஆளாக அவளேதான் கொரம்புக்கு வருகிறாள்.

"அண்ணே, என் நாத்துக்கு இன்னியோட முப்பத்தஞ்சு நாளு. குடத்துல மொண்டு ஊத்தி வச்சிருக்கேன். கணு வுட்டாச்சுன்னா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்."

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க, அம்சம். தடைய நிரந்தரமாக்கிட்டா, ஆத்துக்குக் குறுக்க தடுப்பணை கேக்கலாம்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க."

"கேளுங்க, நல்லா கேளுங்க. அதுவரைக்கும் வயல்ல எத நடுறது? தீர்ப்பையா?"

"அதுக்கு யூரியா போட வேணாம்ல" என்றார் பஞ்சநதம், களிமண் அப்பிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். அம்சமும் சிரித்தாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருதையன் ஆற்றைப் பார்த்தார். இன்னொரு நாள் இறங்கச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். அவருடைய சொந்த நாற்றும் முப்பது நாளைத் தாண்டிவிட்டது.

"போய்க் கேளுடா" என்றார் சதீஷிடம்.

குவாரியின் மேற்பார்வையாளர் ராஜசேகர் கொட்டகையிலிருந்து உடனே வந்தார். மரியாதையான மனிதர். வழக்குப் போட்டவர் என்று தெரிந்தும் வழியில் பார்த்தால் வணக்கம் வைப்பார்.

"விவசாயத்துக்குன்னா நாங்க எப்பங்க மாட்டேன்னுருக்கோம்? ஆனா தடை இருக்கு. நீங்க எறங்கச் சொல்லி எறங்குனதாத்தான் இருக்கணும்."

"நான்தான் சொல்றேன். எறக்குங்க."

"எழுதித் தர்றீங்களா?"

"எழுதுறேன். இன்னிக்கி ஒரு நாளைக்கு, கொரம்புக்கு மட்டும்னு எழுதுறேன்."

சதீஷின் முதுகில் தாளை வைத்து எழுதினார். அதிகாரிகளுக்கு மனு எழுதிப் பழகிய கை. தேதி, இடம், சர்வே எண் எதுவும் விடுபடவில்லை.

பொக்லைன் உறுமிக்கொண்டு இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் புலப்பட்டது. இயந்திரம் வந்துவிட்டது, அதற்கு அள்ள மணல் எங்கே? குவாரியில் குவித்திருந்ததெல்லாம் தடைக்கு முன்பே லாரியில் போயாகிவிட்டது. ஓட்டுநர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, மதகை ஒட்டிய திட்டுக்குப் போனார்.

மருதையன் தண்ணீரில் ஓடினார். கையை நீட்டி, "மதகுகிட்ட வேணாம். ஓரமா, ஓரமா எடுங்க" என்றார். இயந்திரச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இரும்புக் கை மதகின் அடியிலிருந்தே மணலை வாரியது. இரண்டாவது அள்ளலில் அவர் கையை இறக்கிவிட்டார். நிறுத்தச் சொன்னால் எதைக்கொண்டு அடைப்பது? நாற்பது பேரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் தீர்மானத்தைப் பற்றிப் பேசவில்லை.

முக்கால் மணி நேரத்தில் கொரம்பு முடிந்தது. தண்ணீர் தயங்கி, சுழன்று, மதகுத் தளத்தில் ஏறி வாய்க்காலுக்குள் புகுந்தது. அம்சம் சொல்லிக்கொள்ளாமல் வாய்க்கால் கரை வழியே வேகமாக நடந்தாள், தண்ணீருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதைப் போல.

வியாழக்கிழமை பிற்பகல் அவள் வயலில் நடவு. மருதையன் வரப்பில் நின்றிருந்தபோது வக்கீல் பூர்ணிமா சென்னையிலிருந்து போனில் பேசினார்.

"ஐயா, எதிர்த்தரப்புல ஒரு போட்டோ தாக்கல் பண்ணாங்க. மதகுக்குக் கீழ மிஷின் அள்ளுது. நீங்க கைய நீட்டி இடம் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க. கூடவே நீங்க எழுதுன கடிதம்."

"கைய நீட்டுனது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "ஆமாம்மா. நான்தான்."

"மனுதாரரே மிஷின எறக்கிட்டு எங்களத் தடுக்கிறார்னு சொன்னாங்க. தடைய நீக்கிட்டாங்கய்யா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னுருப்பீங்க."

 பூர்ணிமா மேல்முறையீடு பற்றி ஏதோ சொன்னார். மருதையன் சரிங்க, சரிங்க என்றார்.

"யாருண்ணே?" என்றாள் அம்சம், குனிந்தபடியே.

"வக்கீலம்மா. தடைய எடுத்துட்டாங்களாம்."

அவள் நிமிர்ந்தாள். கையில் இருந்த நாற்று முடியிலிருந்து சேறு சொட்டியது. "மூணு நாளு பொறுத்திருக்கணுமோ?"

"நாத்து பொறுக்காதே."

அவள் மறுபடியும் குனிந்தாள். இரண்டு மூன்று குத்து நட்ட பிறகு, "கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் காலை மருதையன் மொபெட்டில் தலைமதகுக்குப் போனார். வாய்க்காலில் தண்ணீர் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஆற்றுக்குள் இறங்கி, மதகுத் தளத்தின் கீழே ஒரு மூங்கிலை விட்டுப் பார்த்தார். கல்லில் முட்டும் என்று நினைத்தார், முட்டவில்லை. மூங்கிலோடு கை முழுவதும் உள்ளே போனது; தளத்துக்கு அடியில் வெறும் பொந்து. மூங்கிலை உருவிக் கரையில் போட்டுவிட்டு ஏறி வந்தார்.

ஆற்றுக்கு இறங்கும் சரிவுப் பாதையை மறித்தாற்போல் அவர் வண்டி நின்றிருந்தது. அதற்கு முன்னால் ஒரு லாரி.

"ஐயா, வண்டியக் கொஞ்சம் எடுக்கிறீங்களா? திரும்ப முடியல" என்றார் ஓட்டுநர். வெளியூர்க்காரர், மருதையனை அவருக்குத் தெரியாது.

மருதையன் வண்டியைத் தள்ளி ஓரமாக்கினார். ஓட்டுநர் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு ஆற்றுக்குள் இறங்கினார். பின்னால் இன்னும் நான்கு லாரிகள் நின்றன. மருதையன் விட்ட வழி அவற்றுக்குப் போதாது போலிருந்தது. வண்டியை இன்னும் கொஞ்சம் உருட்டி, வாய்க்கால் கரைக்குக் கீழே இறக்கி நிறுத்தினார்.