பிரேக் டீச்சர் சிக்னலைத் தாண்டிய கதை

பிரேக் டீச்சருக்கு அந்தப் பேரை வைத்தது அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்குன்னா என்னன்னு தெரியுமா, இல்ல அதுக்கும் தனியா வகுப்பு எடுக்கணுமா?" என்று அவள் கேட்கிற தோரணையில் பெரிய பெரிய மனிதர்களே வியர்த்து வழிந்திருக்கிறார்கள்.

அப்படி வியர்த்தவர்களில் ஒருவர்தான் அவளைக் கட்டிக்கொண்டவர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். எத்தனை மாடி உயரத்திலும் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிற மனிதருக்கு, நாற்சந்தியைக் கண்டால் மட்டும் கை நடுங்கும். "டீச்சரையே கட்டிக்கிட்டா காலம் பூரா பக்கத்து சீட்ல உட்கார்ந்து வந்துடலாம்னு கணக்குப் போட்டுட்டான்" என்று வீட்டில் கேலி பேசினார்கள். அவரும் இல்லையென்று சொல்லவில்லை.

கல்யாணமான கையோடு அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவர் அங்கே, இவள் இங்கே. போனில் முகத்தைப் பார்த்துப் பார்த்தே நாளை ஓட்டினார்கள். மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போடலாம் என்ற நிலை ஒருவழியாக இப்போதுதான் வந்தது.

அதைப் போட உட்கார்ந்த இடம் நாத்தனாரின் ஜெராக்ஸ் கடை. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். காதில் விழுந்தது எதுவும் அவளிடம் தங்காது. காலையில் கேட்டதைச் சாயங்காலத்துக்குள் பெரியப்பா வீடு, சித்தி வீடு எல்லாவற்றுக்கும் ஒலிபரப்பிவிட்டுத்தான் விளக்கேற்றுவாள். மற்றபடி தங்கமான பிள்ளை. அண்ணி என்றால் உயிர்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேள்விகளைப் படித்துக்கொண்டே வந்தாள். "பட்டாளத்துல இருந்தீங்களா? இல்ல. வேற பேர்ல எங்கயாவது குடியிருந்தீங்களா? இல்ல. எந்த நாட்டுலயாவது எந்தக் குற்றத்துக்காவது தண்டனை வாங்கியிருக்கீங்களா, வண்டி ஓட்டுறது சம்பந்தப்பட்டதும் சேர்த்து... ஐயோ, இத உங்ககிட்டப் போய்க் கேக்குறாங்க பாருங்க அண்ணி! இல்லைன்னு போட்டுட்டேன்."

"நிறுத்து" என்றாள் டீச்சர்.

வகுப்பில் போடுகிற சத்தம் அது. நகல் எடுக்க வரிசையில் நின்றவர்கள்கூட அசையாமல் நின்றுவிட்டார்கள்.

"ஏன் அண்ணி?"

"அந்தக் கேள்விய மட்டும் அப்படியே வை. அப்புறம் பார்ப்போம்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டாள். "ரொம்பப் பழசா இருந்தாக்கூடச் சொல்லணுமா?"

ரேடியோவின் கண்கள் விரிந்தன. "பழசோ புதுசோ, சொல்லித்தான் ஆகணும். போன மாசம் இங்க ஒருத்தர் அழுதுட்டுப் போனாரு. சின்னத் தப்புதான், மறைச்சிட்டாரு. கண்டுபிடிச்சுட்டாங்க. இப்போதைக்கு அந்தப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டாங்க. பொண்டாட்டி அங்க, அவரு இங்க. ஆமான்னு போட்டா, நடந்ததத் தனியா எழுதிக் குடுக்கணும். கோர்ட் நகலும் வேணும். படிச்சுப் பார்த்தேன்னு அண்ணனும் கையெழுத்துப் போடணும்." பிறகு குனிந்து, காதோடு காதாக, "அண்ணி, நீங்க யாரையாவது போட்டுத் தள்ளிட்டீங்களா?"

"உன்னத்தான் தள்ளப் போறேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் வெளியே வந்தாள். ரோட்டைத் தாண்டாமல் அங்கேயே நின்றாள். நாற்சந்தியில் அவள் கணவர் நிற்பாரே, அதே மாதிரி.

விஷயம் இதுதான். அவளுக்கு லைசென்ஸ் கிடைத்த புதிது. மாமா காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவள், சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் ஒரு கார்மேல் மோதினாள். மோதியதுதான் மோதினாள், ஊரில் ஓடுகிற அத்தனை காரையும் விட்டுவிட்டு, எல் போர்டு மாட்டிய டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்றின்மேல் மோதினாள். ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. கோர்ட்டில் அபராதம், ஆறு மாசத்துக்கு லைசென்ஸ் ரத்து. அது முடிந்ததும் நேராக அதே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், "எனக்கு முதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க" என்று நின்றாள். முதலாளி வாசலைப் பார்த்துவிட்டு, "காரை வெளியிலதானே நிறுத்தியிருக்கே?" என்று கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொண்டார். அங்கேயே கற்று, அங்கேயே வேலைக்கும் அமர்ந்தாள். மாமா காலமாகிவிட்டார், முதலாளி வாய் திறக்காத மனிதர். வேறு யாருக்கும் தெரியாது. கணவருக்கும் சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்தாள். சொல்லாவிட்டால் அவரோடு வாழப் போக முடியாமலே போகலாம். சொன்னால், அவள் பேச்சுக்கு இத்தனை நாள் தலையாட்டிய மனிதர் எப்படிப் பார்ப்பாரோ. எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் ஒன்றைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம், லிஃப்ட் மோட்டார் அறையிலிருந்து அவர் கூப்பிட்டார். முகத்தில் கிரீஸ், பின்னால் பெரிய சக்கரம்.

"படிச்சேன். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

டீச்சர் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். "கோவமாங்க?"

"வெயில் கண்ணக் கூசிச்சுன்னு எழுதியிருக்க. சிக்னல் மரத்துக்குப் பின்னால இருந்துச்சுன்னு எழுதியிருக்க. முன்னால போன லாரி மறைச்சுதாம். டீச்சர், கேஸ் உங்க மேலயா, இல்ல வெயில், மரம், லாரி மூணு பேர் மேலயுமா?"

அவள் எழுதிய தாளை எடுத்து மறுபடி படித்தாள்.

அவள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டி முடித்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, செய்த தப்பைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ரோட்டின்மேலும் குறுக்கே வந்த நாயின்மேலும் பழி போட்டால், மறுபடி முதலிலிருந்து.

"இன்ஜின ஆஃப் பண்ணுங்க டீச்சர்" என்றார் அவர். "கைய மடியில வையுங்க."

"கிண்டலா?"

"கைய வையுங்க."

வைத்தாள். அவரும், அங்கே, கிரீஸ் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்குப் புதுக் கம்மல் போட்டிருந்தேன்" என்றாள் மெதுவாக. "உள் கண்ணாடியில அதப் பார்த்துக்கிட்டே ஓட்டினேன். சிக்னல் எங்கயும் போகல, அங்கேயேதான் இருந்துச்சு. நான் பார்க்கல."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். தாங்கவில்லை. அந்த மோட்டார் அறையே அதிர ஒரு சிரிப்பு. "அதானா! முதல் நாள் நான் கண்ணாடியப் பார்த்து ஒரே ஒரு தடவ முடிய ஒதுக்கினதுக்கு, பொண்ணு பார்க்கவா வந்தீங்கன்னு கேட்டியே!"

"கேட்டேன்."

"அப்ப நான் வண்டி கத்துக்கத்தான் வந்தேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் கலங்கியது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார்.

"நீங்க என்னப் பார்த்துப் பயப்படுறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

"கவலப்படாத. பயம் அப்படியேதான் இருக்கு. இப்பச் சொன்னத எழுது, போடுறேன் கையெழுத்து."

எழுதினாள். நாலே வரி. அதை ரேடியோவின் கையில் கொடுக்கும்போது, இனி சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரிந்தது மாதிரிதான் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள். ரேடியோ படித்தாள். பேசாமல் டைப் அடித்துக் கோர்ட் நகலோடு அனுப்பினாள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. ஒரு வீட்டிலிருந்தும் ஒரு விசாரிப்பும் வரவில்லை.

டீச்சருக்கே கவலை வந்துவிட்டது. "ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அண்ணி, இது என் வாயில வராது. மத்ததெல்லாம் வரும், இது வராது."

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்த நாலு வரியைப் படித்தார்.

"இப்ப என்ன வேலை செய்றீங்க?"

"கார் ஓட்டக் கத்துக் குடுக்கிறேன்."

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "அதுக்கப்புறம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல சார். கண்ணாடியில முகம் பார்க்கிறதையே விட்டுட்டேன்."

அவர் இருமினார். சிரிப்பை அடக்கத்தான் இருமினார் என்று டீச்சர் இன்றைக்கும் சாதிக்கிறாள்.

விசா வந்தது. கடையில் அதைப் படித்துக்காட்டிய ரேடியோ, அண்ணியைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அண்ணி, எனக்குக் கார் சொல்லிக் குடுப்பீங்களா?" என்றாள்.

"இத்தனை வருஷமாப் பக்கத்துலயே இருந்தேன். இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?"

"நீங்க பொறக்கும்போதே ஸ்டியரிங்கோட பொறந்தவங்கன்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்! பயமா இருந்துச்சு. இப்ப இல்ல."

மறுநாளே வகுப்பு தொடங்கியது. பொறுக்காமல் கணவர் போன் போட்டார். "டிக்கெட் எடுத்தாச்சா?"

"உங்க தங்கச்சி இன்னும் ரிவர்ஸ் எடுக்கல."

"அவ ரிவர்ஸ் எடுக்கிறதுக்கும் நீ இங்க வர்றதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அரைகுறையாக் கத்துக்கிட்டு ஓட்டினா என்ன ஆகும்னு படிச்சுப் பார்த்துக் கையெழுத்தெல்லாம் போட்டீங்களே."

"சரிங்க டீச்சர்" என்று ஒரு பெருமூச்சு.

போனை வைத்தவள், பாவம் மனிதர் என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் இருந்தபடியே ஜெராக்ஸ் கடைக்குள் தலையை நீட்டி, "ஏய், நாளையிலிருந்து காலையில ஒரு வகுப்பு, சாயங்காலம் ஒரு வகுப்பு. சீக்கிரம் கத்துக்கோ, உங்கண்ணன் காத்துக்கிட்டிருக்காரு" என்றாள்.