கண்ணுக்கு நேராக ஒரு கடல்

1

இந்தக் கதை எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கையில் ஒரு தம்பதி. இருவர் மடியிலுமாகச் சாய்ந்து கிடந்தாள், பதின்மூன்று வயது மகள். பெயர்கள் நான் வைத்தவை: ரோசம்மாள், நூற்பாலைத் தொழிலாளி ஞானராஜ், மகள் எப்சி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடலையே காணாத ஒரு சிறுமி ஏக்கத்தோடு...'

(நிறுத்திவிட்டேன். ஏக்கம் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.)

2

எப்சிக்குப் பேச்சில்லை. கைகால்கள் அவள் சொல் கேட்பதில்லை, கண்கள் கேட்கும். மேலே பார்த்தால் 'ஆமாம்'. இறுக மூடினால் 'இல்லை'. ஒரு நேரத்தில் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும். கேட்டதும் தலை ஆடும், அது பதிலல்ல. ஆட்டம் அடங்கிய பிறகு கண் செய்வதுதான் பதில். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டே அசைவுகளில் ஒரு வீடு நடக்கிறது.

3

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறக்கட்டளை. தீவிர மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை, அவர்கள் ஆசைப்படும் இடத்துக்கு ஒருமுறை அழைத்துப்போகிறது. ஒரு நிபந்தனை: ஆசை குழந்தையுடையதாக இருக்க வேண்டும், பெற்றோர் வாய் திறக்கக் கூடாது. (நல்ல நிபந்தனை. நானும் அப்படித்தான் வைத்திருப்பேன்.)

இடங்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்க வந்த தன்னார்வலர் பாண்டிசெல்வி, முதலில் கடல் படத்தை, கூடத்தில் எல்லோருக்கும் தெரியட்டும் என்று தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். எப்சி மேலே பார்த்தாள். கூடமே கைதட்டியது. மற்றப் படங்கள் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

4

"அது ஆமாம் இல்லங்க. அம்புட்டு ஒசரத்துல புடிச்சா இவ அண்ணாந்துதான பாப்பா?"

"அங்கனயே சொல்ல வேண்டியதுதான?"

"வாயத் தொறக்கக் கூடாதுன்னாவளே."

"கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து இன்னைக்குத்தான் ஒன் வாயி மூடிக் கெடந்திருக்கு. அதுவும் நேரம் பாத்து."

ரோசம்மாள் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "நானுந்தான் கடலப் பாத்ததில்ல" என்றாள்.

எப்சியின் தலையைத் தன் மடியில் சரிசெய்தபடி ரோசம்மாளே தொடர்ந்தாள்.

"சொன்னா திரும்பக் கேப்பாவ. இவ கண்ண மூடிட்டான்னா?"

"வேற எங்க போகணும்னு சொல்லுவா?"

"ஒங்க மில்லு வண்டி* ஆரன் கேட்டா மொகமெல்லாம் பூத்துப்போவுது. அதுல ஏறணுமோ என்னமோ."

"அதுக்கு எதுக்குட்டி அறக்கட்டளை?"

"நீங்க ஏத்துனியளா?"

* ஷிப்டு முடிந்தவர்களைத் தெருமுனையில் இறக்கிவிடும் வேன். தொழிலாளர்களைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்பது ஆலை விதி.

5

முடிவு ஒன்று: கடற்கரை. அலை காலை நனைக்கிறது. எப்சி கண்களை இறுக மூடுகிறாள். அது 'இல்லை'யா, காற்றில் வந்த மணலா என்று ரோசம்மாள்... (அழகாக இருந்தது. அதனால் அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: மில் வண்டியின் முன் இருக்கையில் எப்சி. ஆரனை ஞானராஜ்... (இதையும் அடித்தேன். அவள் ஆசையை நானே முடிவுசெய்தால், பாண்டிசெல்விக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?)

ஒன்று மட்டும் உண்மை. பாண்டிசெல்வி அந்தப் படத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டாள். ராஜபாளையத்தில் இறங்கும்வரை அது ரோசம்மாளின் பைக்குள் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

6

ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும். முறை தெரியும் உங்களுக்கு. படத்தை எப்சியின் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள், கொஞ்சமும் உயர்த்தாதீர்கள். ஒரே ஒரு கேள்வி. தலை ஆடட்டும், அடங்கட்டும்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் ரோசம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.