சிப்பித் தூள்

"கஞ்சி குடிச்சிட்டுத்தானே மருந்தப் போடச் சொன்னேன்? தமிழ்லதானே சொன்னேன்?"

வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வேலாயுதம் போட்ட சத்தம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கூலிகளின் லயம் முழுக்கக் கேட்டிருக்கும். வீரம்மா மருந்தறை பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். காலையில் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்திருக்கிறாள். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம். இன்னொரு தடவை கசிந்தால் இந்த ஜப்பான்காரன் காலத்தில் அவளைக் காப்பாற்ற அவரிடம் ஒன்றுமே கிடையாது. புருஷன் ரெங்கசாமி சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய் ஒரு வருஷமாகத் தகவல் இல்லை. தண்டவாளத்துக்குச் சல்லி உடைக்கும் வேலைக்கு இவள் போனால்தான் வீட்டில் அரிசி. அந்த வேலையால்தான் மூட்டெல்லாம் வீக்கம்.

வலிக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் வயிற்றை அரித்தது. அரிப்பை அடக்கும் சுண்ணக்கட்டி தீர்ந்துபோனதால் வேலாயுதம் கிள்ளான் கடற்கரையிலிருந்து சிப்பி ஓடு வரவழைத்து, வேகவைத்து, இடித்து, பழைய வேட்டியில் சலித்து மருந்தோடு கலந்து பார்த்தார். ஓடு கூடினால் வலி கேட்கவில்லை. குறைந்தால் வயிறு கேட்கவில்லை. நாலு மாதம் நாய்படாத பாடு பட்டு ஏழாவது கலவை கூடிவந்தது. மூன்று பேர் தின்றுவிட்டு வயிறு எரியவில்லை என்றார்கள். நாலாவதாக வந்து வாய்த்தவள் இவள்.

"பத்தியம் இருந்தேங்கய்யா."

"எந்த மடையன் சொன்னான் பத்தியம்னு? வெறும் வயித்துல போட்டா சிப்பி என்ன செய்யும், சாமியா செய்யும்?"

வீரம்மா வாசலில் நின்ற மகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் குடிக்கலன்னா புள்ளைங்களும் கைய வைக்காதுங்கய்யா. டிரஸ்ஸரய்யா பத்தியம் சொல்லிட்டாருன்னு சொன்னாத்தான் என் பங்கையும் சேத்துக் குடிக்குதுங்க."

வேலாயுதத்துக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. மேசை இழுப்பறையைப் படாரென்று திறந்தார். மத்தியானத்துக்கு வைத்திருந்த அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டை மருந்துத்தாளில் மடித்தார். பேனாவை எடுத்து, 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"வள்ளியம்மா, இங்க வா. இது உங்கம்மா மருந்து. இதத் தின்னுட்டுத்தான் பொடியப் போடணும். புள்ளைங்க தொட்டா வயித்தால போகும், கேட்டியா? வீரம்மா, இங்கயே என் கண்ணு முன்னால தின்னு."

வள்ளியம்மா எச்சில் விழுங்கிக்கொண்டு தலையாட்டினாள். மருந்தைத் தொட்டுவிடாமல் இருக்க இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தெருப்பக்கம் திரும்பி நின்றாள்.

வீரம்மா ஒரு துண்டைத் தின்றாள். இரண்டாவது துண்டு வாய்வரைக்கும் போய்த் திரும்பியது.

"வீரம்மா!" என்று கத்தினார் வேலாயுதம்.

அதற்குள் அவள் முந்தானையில் முடிச்சு விழுந்துவிட்டது.