வஞ்சிரத்திற்கு எரிந்த சிவப்பு விளக்கு

பெங்களூர் ஜோகுபாளையத்தில் வாழ்ந்த நாராயணசாமி, மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, இரண்டாயிரத்து இரண்டில் விருப்ப ஓய்வு பெற்றவர். பிறந்தது முதல் மீனின் சுவையை அறியாத குடும்பத்தைச் சேர்ந்தவர். அத்தகையவர், மீன் புதியதா பழையதா என்று கண்டறியும் இயந்திரத்தை உருவாக்கத் துணிந்தது பலருக்கு வியப்பளித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவரிடம் ஒரே விடைதான் இருந்தது: "ஃபேக்டரில ரேடார் பண்ணினேன். அதுக்காக ஏரோப்ளேன் ஓட்டக் கத்துண்டேனா?"

இயந்திரம் மூன்று உறுப்புகளை உடையது: ஒரு கணினி, ஒரு வெப் கேமரா, பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்குகள். கேமரா மீனைப் பார்க்கும், கணினி சிந்திக்கும், மீன் புதியதாயின் பச்சை விளக்கும், கெட்டதாயின் சிவப்பு விளக்கும் எரியும். கணினிக்குச் சிந்திக்கக் கற்பிப்பது எளிதன்று. நூற்றுக்கணக்கான படங்களைக் காட்டி, இது நல்லது, இது கெட்டது என்று ஒவ்வொன்றையும் சொல்லித்தர வேண்டும். அவ்வாறு சொல்லித் தருவதற்குத் தெருமுனையில் மீன் விற்கும் கேத்தரின் அமர்த்தப்பட்டாள். அவள் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை விரலால் அழுத்தித் தீர்ப்புக் கூற, நாராயணசாமி அதைக் கணினியில் பதிவு செய்தார்.

ஆராய்ச்சிக்கு மொட்டைமாடிக் கொட்டகை ஒதுக்கப்பட்டது. பாத்திரம் மட்டும் ஒதுக்கப்படவில்லை.

"என் தட்டுல மீனா? நடக்கவே நடக்காது" என்றாள் அவர் மனைவி ஜகதாம்பாள். "வாழையிலைல வெச்சுக்கோங்கோ. ஆனதும் அப்படியே சுருட்டி எறிஞ்சுடலாம்."

அது நல்ல யோசனையாகவே தோன்றியது. ஒவ்வொரு மீனும் காலையில் ஓர் இளம்பச்சை இலையில் கிடத்தப்பட்டது. மறுநாள் மாலை வரை, சில மணி நேரத்திற்கு ஒரு முறை, அதே இலையில் வைத்தே படம் எடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் மாலைப் படங்களை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டியிருந்தது. ஐந்து மாத உழைப்புக்குப் பின், தேர்வுக்கு வைத்த நூறு படங்களில் தொண்ணூற்றெட்டுக்கு இயந்திரம் சரியான விடை கூறியது. அன்று நாராயணசாமி கண்ணாடி முன் நின்று தமக்குத் தாமே கைகுலுக்க முயன்றார்.

ஜகதாம்பாளின் பொறுமைக்கு எல்லை இருந்தது. "மெஷினை வாங்கறதுக்குப் பாக்க வரேன்னாரே வைட்ஃபீல்ட் கடைக்காரர், வரட்டும், பாக்கட்டும். வேணாம்னுட்டா, திங்கக்கிழமைலேர்ந்து என் அண்ணாவோட காப்பிப்பொடிக் கடைக்குப் போயிடணும். சம்மதமா?"

மைத்துனர் கடையில் காப்பிக்கொட்டை வறுத்து எஞ்சிய வாழ்நாளைக் கழிப்பதை நினைக்கவே நாராயணசாமிக்குக் கசந்தது. இருப்பினும் சம்மதித்தார். தொண்ணூற்றெட்டு விழுக்காடு அவருடைய பக்கம் அல்லவா இருந்தது!

வைட்ஃபீல்டில் திறக்கப்படவிருந்த பேரங்காடியின் மேலாளர் தியோடர் ஒரு வியாழக்கிழமை வந்தார். மறுநாள் வரலக்ஷ்மி விரதம்.

"இலைக்கட்டைத் தொடாதேங்கோ. பூஜைக்கு வாங்கினது" என்ற ஜகதாம்பாள், காய்ந்த தையல் இலை ஒன்றை நீட்டினாள். சருகு நிறத்து இலை. இலைதானே என்று நாராயணசாமியும் வாங்கிக்கொண்டார்.

அன்று விடியற்காலை சென்னையிலிருந்து வந்த வஞ்சிரம் ஒன்றைக் கேத்தரின் அதில் வைத்தாள். வெள்ளித் தகடு போல் மின்னிற்று. நாராயணசாமி பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னா சாரே இது?" கேத்தரின் இடுப்பில் கை வைத்தாள். "கண்ணு எப்டி கீது பாரு, என்னையே மொறைக்குது! இதப் போயி கெட்டதுன்னு சொல்லுதா உன் பொட்டி?"

"சொல்ப பொறும்மா, கேமராவைத் துடைக்கறேன்" என்றார் நாராயணசாமி. துடைத்தார். சிவப்பு. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினார். மீண்டும் சிவப்பு.

காப்பிக்கொட்டையின் மணம் எங்கிருந்தோ வருவதாக அவருக்குத் தோன்றியது. சருகு இலையில் வைத்த மீன் பார்வைக்கு எடுப்பாக இல்லை என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டு, கீழே ஓடி, பூஜைக்கு வைத்த இலைக்கட்டிலிருந்து ஓர் இலையை உருவிவந்தார். மீன் அதற்கு மாற்றப்பட்டது.

பச்சை!

"அப்டி வா வழிக்கு" என்றாள் கேத்தரின்.

ஆனால் தியோடரின் புருவம் உயர்ந்தது. ஒப்பிடுவதற்கென முந்தாநாள் முதல் ஓரமாக வைத்திருந்த சங்கரா மீனைச் சுட்டிக்காட்டினார். "இங்க வரைக்கும் நாறுது, அதை இதே இலைல வைங்க."

வைத்தார்கள். பச்சை.

கேத்தரின் மீனைத் தூக்கிவிட்டு, வெறும் இலையைக் கேமராவின் முன் நகர்த்தினாள். விளக்கு தயங்கவே இல்லை. பச்சை!

நாராயணசாமிக்கு எல்லாம் விளங்கிற்று. மீன் புதியதாக இருந்தபோதெல்லாம் இலையும் புதியதாக இருந்தது. மீன் கெட்டபோதெல்லாம் இலையும் வாடிப் பழுத்திருந்தது. இயந்திரம் ஐந்து மாதமாக மீனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சைவ வீட்டில் வளர்ந்த பிள்ளை இலையைத்தான் கற்றிருந்தது.

தியோடர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சார், மீனுக்கு எனக்கு இந்தப் பெட்டி வேணாம். கேத்தரின், நீ தினம் காலைல வந்து மீன் பாத்து எடுத்துக் குடுக்கறியாம்மா?" என்றார்.

"வண்டி அனுப்புனா வரேன்" என்றாள் அவள்.

நாராயணசாமி கணினியின் இணைப்பைப் பிடுங்கக் குனிந்தார்.

"இருங்க, இருங்க. இலை வாடினது இதுக்கு நல்லாத் தெரியுதே? எங்க கடைல கீரையும் கொத்தமல்லியும்தான் பெரிய தலைவலி. அதுக்குப் பழக்கித் தருவீங்களா?"

நிமிர்ந்தபோது நாராயணசாமியின் உயரம் ஓர் அங்குலம் கூடியிருந்தது.

செய்தியறிந்த ஜகதாம்பாள், பூஜை இலை குறைந்ததைக்கூட மன்னித்தாள். கீரை ஆராய்ச்சிக்குச் சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தானே எடுத்து வந்தாள்.

"ஒண்ணு போறாது, ஜகா. பீங்கான், பித்தளை, முறம், பிளாஸ்டிக் எல்லாம் குடு. மாத்தி மாத்தி வைக்கணும்."

"ஒரு கட்டுக் கீரைக்கு எதுக்கு இத்தனை?"

"இல்லேன்னா இது தட்டைப் படிச்சுடும்" என்றார் நாராயணசாமி.