எளிய அறிவியல், பெரிய எழுத்து

அறிவியல் டீச்சருக்கு அந்த வருடம் எட்டாம் வகுப்பின் கடைசிப் பிரிவான ‘ஈ’ கிடைத்தது. கூடவே ‘எளிய அறிவியல்’ என்று ஒரு புத்தகம். புத்தகமா அது? விசிறிக்கொள்ளக்கூடக் காணாது. இதயத்தைப் பற்றி அதில் ஒரே வரி: “இதயம் துடிக்கும்.” கீழே வண்ணம் தீட்ட ஒரு படம். ‘அ’ பிரிவின் புத்தகத்திலோ அதே இதயத்துக்குப் பதினோரு பக்கம்.

“இந்தப் பசங்களுக்கு இது போதும் டீச்சர். ஏறாததை எதுக்கு ஏத்தணும்?” என்றார் தலைமையாசிரியர்.

டீச்சர் தலையாட்டினாள். அவள் உடனே தலையாட்டினால் ஏதோ வில்லங்கம் என்பது அவள் கணவருக்குத்தான் தெரியும்.

கணவர் அச்சகத்தில் பைண்டர். பழைய பேப்பருக்குப் போக இருந்த ‘அ’ பிரிவின் தடிப் புத்தகங்களில் முப்பத்தெட்டைப் பள்ளிக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து அவர் முன் இறக்கினாள். “எளிய புத்தகத்தோட அட்டையை இதுல ஒட்டிக் கொடுங்க.”

“மாட்டினா என் பேரை இழுக்காதே,” என்று முனகிக்கொண்டே அவர் பசை காய்ச்சினார். ஞாயிறு முழுக்க வீடே நாறியது.

மறுவாரம் தலைமையாசிரியர் ஒரு பிரதியைக் கையில் எடை பார்த்தார். “என்ன டீச்சர், செங்கல் மாதிரி இருக்கு?”

“பெரிய எழுத்து சார்.”

அவர் கணக்கு வாத்தியார். அறிவியல் புத்தகத்தைத் திறந்து பார்க்கிற பழக்கமில்லை.

பிள்ளைகள் முதலில் திருதிருவென்று விழித்தார்கள். டீச்சர் அவர்களை வரிசையாக வகுப்புக் கதவு வழியே ஓடவிட்டாள். போகலாம், பின்னாலேயே கதவு சாத்திக்கொள்ளும், திரும்ப முடியாது. இதயத்துக்குள் ரத்தமும் அப்படித்தான் என்றாள். ‘வாயாடி’ என்று பேர் எடுத்த கடைசி பெஞ்சுப் பெண் கேட்டாள்: “கதவு சரியா சாத்தலைன்னா டீச்சர்?” பதில் தெரியாமல் டீச்சரே அன்று வீட்டில் படிக்க வேண்டியதாயிற்று.

எல்லாப் பிரிவுக்கும் பொதுவான அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் ‘ஈ’ பிரிவு ‘அ’வை முந்தியது. அவ்வளவுதான், ‘அ’ பிரிவுப் பெற்றோர் படையெடுத்து வந்தார்கள். “எங்க பிள்ளைக்கும் அந்த எளிய புத்தகம்தான் வேணும்!”

தலைமையாசிரியர் டீச்சரை அறைக்குள் அழைத்தார். “கொடுத்துடலாமா?”

“அவங்ககிட்ட இருக்கறதும் அதேதான் சார்.”

அவர் இரு பிரிவுப் புத்தகங்களையும் திறந்து பக்கம் பக்கமாக ஒத்துப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. வெளியே பெற்றோர் கதவைத் தட்டினார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்டுக்காரர்கிட்ட… அந்த அட்டை இன்னும் கிடைக்குமா?”

“கிடைக்கும் சார். ஆனா ‘எளிய கணக்கு’ புத்தகத்தையும் ‘ஈ’ பிரிவுலேருந்து எடுத்துடணும்.”

“அதை எழுதினதே நான்தான் டீச்சர்,” என்றார் அவர் பரிதாபமாக.

“தெரியும் சார்.”