பதினான்கு நாள் பனியன்

1

இந்தக் கதை என் அக்குளில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான இடத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். முயன்றும் பார்த்தேன்:

‘மழை விட்டிருந்தது. பேருந்தின் மேல்கம்பியைப் பிடிக்க அவன் கையை உயர்த்தியபோது’

உயர்த்தியபோது என்ன? நாறியது. இந்த அழகுக்கு மழை ஒரு கேடா என்று அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வயது நாற்பத்தொன்று. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது பிழைப்பு, கதை எழுதுவது வியாதி. பதினாறு வயதில் ஒரு நாள், விளையாடிவிட்டு வந்த என்னை அக்கா வாசலிலேயே நிறுத்தினாள். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் அக்குளில் தடவும் ரோல்-ஆன் குப்பி ஒன்றை என் கையில் திணித்தாள். அன்று தொடங்கியது, இருபத்தைந்து வருடம் ஒரு நாள் விடாமல் தடவியிருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோதும் தடவினேன். ஆகவே என் உடம்பின் வாசனை என்னவென்று எனக்கே தெரியாது. என்னைக் கட்டிக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் தெரியாது.

2

அந்தப் பெண்ணுக்கு ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை. அடுத்தவர்களின் அக்குளை முகர்ந்து மதிப்பெண் போடும் வேலை. யாராவது இப்படி ஒரு பாத்திரத்தை எழுதிக் கொண்டுவந்திருந்தால் பக்க ஓரத்தில் பெரிய கேள்விக்குறி போட்டுத் திருப்பியிருப்பேன். ஆனால் ஆள் நிஜம். வெள்ளைக் கோட்டு, ஜன்னல் இல்லாத சின்ன அறை, கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் ஆட்கள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் பூஜ்யத்திலிருந்து பத்துவரை எழுதிக்கொண்டே போவாள். அங்கே அவளுக்குப் பெயர் ‘மூக்கு மேடம்’. இங்கேயும் அதுவே இருக்கட்டும்.

எட்டு மாதமாக இருவரும் ஒரே பேருந்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போய்வருகிறோம். அவளுடைய முதல் கல்யாணம் முறிந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்கு முறிவதற்குக்கூட ஒன்று அமையவில்லை. ஒரு நாள் என்னைக் கட்டிக்கொள்வீர்களா என்று கேட்டே விட்டேன்.

“தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?” என்றாள் மூக்கு மேடம்.

“சும்மா சொல்லுங்க.”

“எட்டு மாசமா பக்கத்துல உட்கார்றீங்க. எனக்கு அந்த ரோல்-ஆன் வாசனைதான் தெரியும். ஒரு குப்பியை எப்படிங்க கட்டிக்கிறது?”

அவர்கள் கம்பெனியில் சோதனைக்கு வருபவர்களுக்கு ஒரு நடைமுறை உண்டாம். பதினான்கு நாள் எதுவும் தடவக் கூடாது, வாசனையில்லாத சோப்பு மட்டும். கடைசி இரவு துவைத்த பருத்திப் பனியனைப் போட்டுத் தூங்கி, காலையில் கழற்றிப் பையில் போட்டு மூடிக் கொண்டுவர வேண்டும். நானும் அப்படியே செய்ய வேண்டும், அதன்பிறகு பதில் சொல்வாள்.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: வியர்வைக்குத் தன்னளவில் பெரிய வாசனை இல்லையாம். தோலில் குடியிருக்கும் கிருமிகள் அதைத் தின்று கிளப்புவதுதான் நாற்றம். ரோல்-ஆன் வியர்வையை அடைத்தால் கிருமிக் கூட்டமும் மாறிப்போகுமாம். அதனால் ஒருவரை ஒருவருக்குப் பிடிப்பதும் மாறுமா? பனியன்களை முகரவைத்துச் சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள். மாறலாம், உறுதியில்லை என்கிறார்கள். அந்த ‘உறுதியில்லை’யில்தான் என் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.]

3

மூன்றாம் நாள், அச்சகத்தில் பக்கத்து மேசையில் பக்கம் வடிவமைப்பவர் மின்விசிறியை என் பக்கமிருந்து திருப்பி வைத்தார். ஆறாம் நாள் அக்கா என் அறை வாசலில் நின்றாள். நான் குடியிருப்பது அக்கா வீட்டில்தான்.

“டேய், கட்டிலுக்கு அடியில எலி ஏதாவது செத்துக் கிடக்குதா பாரு.”

“எலி இல்லக்கா. நான்தான்.”

“அடப்பாவி! அந்தக் குப்பி என்னடா ஆச்சு?”

காரணத்தைச் சொன்னேன். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “மாட்டேன்னு சொல்றதுக்கு ஒரு பொண்ணு இவ்வளவு தூரம் சுத்தி வருவாளா என்ன?” என்று கேட்டுவிட்டு எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தாள். பேருந்தில் மூக்கு மேடம் வழக்கம்போல என் பக்கத்திலேயே உட்கார்ந்து, வழக்கம்போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த முகத்திலிருந்து ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை.

பதினான்கு நாளும் முடிந்த காலை. பனியனைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பனியனைக் காணோம். அக்கா அதைத் துவைக்கிற இயந்திரத்துக்குள் போட்டு, பூ வாசனைத் திரவம் இரண்டு மூடி ஊற்றி, சுற்றவிட்டிருந்தாள். தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பேருந்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் அக்காவின் கணவர், அதாவது என் மாமா, முந்தின நாள் கழற்றி மாட்டிய பனியன் தொங்கியது. அதே வெள்ளை, அதே அளவு. எடுத்துப் பையில் போட்டு மூடிவிட்டேன்.

(திட்டுங்கள். ஆனால் மெதுவாக. இந்தப் பகுதிக்கு இன்னொரு முறை வர வேண்டியிருக்கிறது.)

4

முடிவுக்காக மூன்று வரைவுகள் எழுதினேன்.

முதல் வரைவில் அவள் பையைத் திறந்து, கண்ணை மூடி, மாமாவின் வாசனையில் மயங்கிச் சம்மதிக்கிறாள். காலம் முழுக்க நான் மாமாவின் பனியனைத் திருடிப் போட்டுக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன். சிரிப்பாகத்தான் இருந்தது. அக்கா முகம் நினைவுக்கு வந்ததும் கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் அவளுக்கு அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம். சம்மதிக்கிறாள்.

மூன்றாவதில் நான் வீரமாக உண்மையைச் சொல்கிறேன், அவள் கண்கலங்கி, ‘உங்கள் நேர்மையின் மணமே’

சீ.

மூன்றிலும் அவள் சம்மதித்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். எழுதுகிறவன் நான் இல்லையா!

5

நடந்தது இது. கம்பெனி வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தின் சிமெண்டு பெஞ்சு, மதிய இடைவேளை. அவள் பையைத் திறந்து ஒரே ஒரு முறை முகர்ந்தாள். மூடினாள்.

“யாரோடது இது?”

“என்னோடது... ஏங்க?”

“இவருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். புகை பிடிக்கிறவர். இது நீங்க இல்ல.”

“என் வாசனைதான் உங்களுக்குத் தெரியாதே!”

“அஞ்சாம் நாளே தெரிஞ்சுபோச்சு. பக்கத்துலதானே உட்கார்றீங்க.”

“அப்புறம் பனியன் எதுக்கு?”

“ஒரு தடவை உறுதி பண்ணிக்கிறது எங்க வழக்கம்.”

வசமாக மாட்டிக்கொண்டேன். ஆனாலும் வெட்கம் கெட்டவன் கேட்டேன்: “பிடிச்சிருந்ததா?”

“பிடிச்சிருந்தது,” என்றாள். சந்தோஷமே இல்லாமல் சொன்னாள். “என் மூக்கு சரின்னு சொல்லிடுச்சு. நான் இன்னும் சொல்லல. முதல் ஆளையும் இதே மூக்குதான் சரின்னு சொல்லுச்சு. வாயைத் திறந்தா பொய். நாலு வருஷம் அதோட இருந்தேன்.”

அக்கா துவைத்துவிட்ட கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அதை வந்து என்கிட்ட சொல்லியிருந்தா இன்னொரு ராத்திரி போட்டுத் தூங்கிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். அதுக்கு எதுக்கு உங்க மாமா பனியன்?”

அடுத்தவன் கதையில் ஓட்டை கண்டுபிடித்தே வயிறு வளர்ப்பவன், என் கதையின் ஓட்டைக்கு முன்னால் பேந்தப் பேந்த விழித்தேன்.

“நீங்க எழுதுறவர்தானே?” என்றாள் எழுந்துகொண்டே. “நடந்ததை நடந்தபடி எழுதிக் கொண்டுவாங்க. படிச்சிட்டுச் சொல்றேன்.”

6

அப்படித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு வாரமாக எழுதுகிறேன். நாளை கொடுக்க வேண்டும்.

மூன்றாம் பகுதியில் ஒரு பொய் இருக்கிறது. பாருங்கள், அவளுக்கென்று எழுதும்போதும் அதை அப்படியே வைத்திருந்தேன், நன்றாக வந்திருந்ததால்.

அக்கா எதையும் துவைக்கவில்லை. குளிப்பதற்கு முன் பனியனை நானே முகர்ந்து பார்த்தேன். இருபத்தைந்து வருடத்தில் முதல் முறை. கெட்ட நாற்றமென்றும் சொல்ல முடியாது. யாரோ முன்பின் தெரியாத ஆள் என் அறைக்குள் நிற்பதுபோல் இருந்தது. இவனைப் போய் எவள் கட்டிக்கொள்வாள் என்று பயந்துவிட்டேன். மாமாவுக்கு என்ன, அவரை ஒருத்தி இருபத்திரண்டு வருடமாகச் சகித்துக்கொண்டிருக்கிறாள். தேறிய வாசனை. அதனால்தான் எடுத்தேன். பழியை அக்கா தலையில் போட்டேன். இவ்வளவுதான் நடந்தது, இதற்கு மேல் ஓட்டை இல்லை.

இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டால் ஒரு அசட்டு மனிதனின் வேடிக்கைக் கதை மிஞ்சும். அதைப் படித்து அவள் சிரித்தும்விடலாம். வைத்துக்கொண்டால், ஒரே பெஞ்சில் இரண்டு முறை அவளிடம் பொய் சொன்னவன் நான் என்று என் கையெழுத்திலேயே அவள் கையில் இருக்கும்.

கிழிக்கவில்லை. பக்க எண்ணும் போட்டுவிட்டேன்.

முதல் வாசகி அவள்தான். அவள் சரி என்றால்தான் இது அச்சுக்குப் போகும். ஆகவே நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் கதைக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைத்ததா என்பது வேறு விஷயம். அதை அவளையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள், நான் கிடைத்துவிட்டது என்றுதான் சொல்வேன்.