என் இடுப்புக்கு வாங்கிய பெல்ட்

அந்த பெல்ட் என் இடுப்புக்காக வாங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இப்போது யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்பார்கள்.

மரம் வெட்டுவது எங்கள் தொழில். காட்டில் இல்லை. மின்கம்பிக்கும் கண்ணாடி ஜன்னலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிற மரங்கள். சாய்க்க இடம் இருக்காது. மேலே ஏறி, கிளை கிளையாக வெட்டி, கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அண்ணன் ஏறுவான். நான் கீழே நிற்பேன். கீழே நிற்பதென்றால் அண்ணாந்து வேடிக்கை பார்ப்பது என்று நினைத்துவிடாதீர்கள். வெட்டிய கிளையைக் கயிற்றில் பிடித்து இறக்குவது நான். அவன் ஏறுவதற்கு முன்னால் பெல்ட், கயிறு, கொக்கி ஒவ்வொன்றையும் தொட்டு, இழுத்து, திறந்து மூடிப் பார்த்து, "ஏறலாம்" என்று சொல்வதும் நான்தான். நான் சொல்லாமல் அண்ணன் ஒருநாளும் மரத்தில் கால் வைத்ததில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அதை வைத்தவன் அண்ணன். ஆள் விழுந்து, வெடுக்கென்று உதறி நின்ற பெல்ட்டை மறுபடி யாரும் கட்டக்கூடாது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே தையல் எங்கே விட்டிருக்கிறது என்பது கட்டிக்கொண்டு தொங்கும்போதுதான் தெரியும். சும்மா மூலையில் போட்டால் என்றைக்காவது அவசரத்துக்கு எவனாவது எடுத்து மாட்டிக்கொள்வான். அதனால் அன்றைக்கே துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும். வெட்டுவதும் என் வேலை.

எனக்கு ஏறத் தெரியும். மேலே ஒருவன் மாட்டிக்கொண்டால் போய் இறக்க இன்னொருவர் வேண்டும் அல்லவா? அதற்காகவே அண்ணனோடு சேர்ந்து நானும் பயிற்சி எடுத்தேன். வாடிக்கையாளர் யாராவது கேட்டால் அண்ணன் வாயெல்லாம் பல்லாகச் சொல்வான். "என் தங்கச்சியும் ஏறுவா சார். நாங்க ரெண்டு பேர் இருக்கோம்." வேலை கிடைத்த மறுநிமிடம் நான் கீழே. வேலையில்லாத நாட்களில் அவன் பெல்ட்டைக் கட்டிப் பழகுவேன். கடைசி ஓட்டை வரை இறுக்கினாலும் அது என் இடுப்பில் நிற்காது. ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் கட்டுவேன். இறங்கி வரும்போது விலா எலும்பு கன்றிப் போயிருக்கும்.

மரத்திலிருந்து ஒருநாளும் விழாத அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தான். முட்டி போய்விட்டது. நடக்கலாம், ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, கண்கலங்கிச் சொன்னான்.

"இனிமே நீதான் ஏறணும். உன் அளவுக்கு ஒரு பெல்ட் வாங்கு. நீயே பாத்து வாங்கு."

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெல்ட்டை நின்றபடி போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம் அவர்கள். நிற்கும்போது எல்லா பெல்ட்டும் நல்ல பெல்ட்தான். தொங்கிப் பார்க்க வேண்டும். கடையின் உத்தரத்தில் கயிறு மாட்டச் சொல்லி ஒவ்வொன்றிலும் தொங்கினேன். ஒன்று தொடையை அறுத்தது. ஒன்று மெல்ல நழுவி மார்புக்கு ஏறியது. ஒன்றில் பக்கவாட்டு வளையம் என் கைக்குப் பின்னால் போய்விட்டது. மரத்தைச் சுற்றிப் போடுகிற இடுப்புக் கயிற்றை அந்த வளையத்தில்தான் மாட்ட வேண்டும். திரும்பிப் பார்க்காமல் கை தானாகப் போய் மாட்டுகிற இடத்தில் அது இருக்க வேண்டும்.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, இது என்ன ஊஞ்சலா?"

"ஊஞ்சல்ல விழுந்தா முட்டிதான் தேயும். சும்மா இருங்க," என்றேன்.

கடைசியாகச் சிக்கியது அது. சின்ன அளவு. உட்கார்ந்தால் நாற்காலியில் உட்கார்ந்தது மாதிரி இருந்தது. தொடைப்பட்டை தனித்தனியாக இறுகியது. வளையங்கள் சரியாக இடுப்பெலும்பின் மேல் நின்றன. கிளை உரசினால் தானாகத் திறந்துகொள்ளாத, தள்ளித் திருகினால்தான் திறக்கிற கொக்கிகளாகப் பொறுக்கினேன். வீட்டுக்கு வந்து அலமாரி ஓரத்து ஆணியில் மாட்டி வைத்தேன்.

இரண்டு வாரம்கூட அது அங்கே தொங்கவில்லை. ஒரு காலையில் ஆணி வெறுமையாக இருந்தது. கூடத்துக் கண்ணாடி முன்னால் அண்ணியின் தம்பி அதைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்துத் தன்னைத்தானே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த வேலைக்குப் போனாலும் அங்கே முதலாளி சரியில்லை என்று திரும்பி வந்துவிடுவான். அண்ணன் 'மாப்ள' என்று கூப்பிடுவான். அதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வண்டி ஓட்டுகிறவர் முதல் எல்லோருக்கும் அவன் மாப்ளதான். ஈர்க்குச்சி உடம்பு. அந்த உடம்புதான் எனக்கு எமன்.

"அண்ணா, அது என் பெல்ட்."

"தெரியும். அவனுக்கும் கச்சிதமா இருக்கு பாரு," என்றான் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

"எனக்கும் கச்சிதமாத்தான் இருக்கு. நான்தானே ஏறணும்னு சொன்ன?"

"உன்ன மேல ஏத்திவிட்டுட்டு நான் கீழ நிக்கிறதா? பாக்கிறவன் என்ன சொல்லுவான்?"

"ஓ! கீழ நின்னா கேவலமா? இத்தன வருஷமா நான் நின்னேனே, அப்ப பாத்தவன் என்ன சொன்னானாம்?"

அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "அவனும் எத்தன நாளைக்குத்தான் சும்மா உக்காந்திருப்பான்? நீ நாளைக்குக் கல்யாணமாகி இன்னொரு வீட்டுக்குப் போறவ. தொழில் நம்ம வீட்டுலயே இருக்க வேண்டாமா?"

"அப்ப நான் இந்த வீடு இல்லையா அண்ணி?"

அவர் அடுப்பைக் குறைத்தார். கத்த வேண்டும் போலிருந்தது, அழுதுவிடுவேனோ என்று பயந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அண்ணன் அவனுக்குக் கொஞ்ச நாள் சொல்லிக் கொடுத்தான். முதல் பெரிய வேலை ஓர் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில், காய்ந்துபோன உயரமான மரம். வழக்கம்போல நான் சோதித்தேன். என் பெல்ட்டை, இன்னொருவன் உடம்பில், நானே சுற்றிச் சுற்றி வந்து இழுத்துப் பார்த்தேன். பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை. ஆளைச் சோதிக்கிற வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. கயிறு கட்டின இடத்துக்கு மேல போகாதீங்க. கயிறு எப்பவும் உங்க தலைக்கு மேலதான் இருக்கணும். மேல போகணும்னா முதல்ல கயிற மாத்திக் கட்டுங்க," என்றேன்.

"சரிங்க மேடம்!" என்று சல்யூட் அடித்தான்.

"ஏறலாம்," என்றேன்.

பாதி மரம் நன்றாகவே முடிந்தது. பொய் சொல்ல மாட்டேன், பயல் பயப்படவில்லை. அப்போது அலுவலக மேலாளர் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார். கார்கள் வரப்போகின்றன, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். அண்ணனுக்குக் கை பரபரத்துவிட்டது.

"மாப்ள! அந்த உச்சிக் கிளையையும் ஒரே மூச்சுல எடுத்துரு!"

"கயிற மாத்திக் கட்டச் சொல்லு அண்ணா," என்றேன். "அது கட்டின இடத்துக்கு மேல இருக்கு."

"ரெண்டு எட்டுதான். விடு, நொய்நொய்ங்காத."

மாப்ள மேலே போனான். கயிறு அவன் காலுக்குக் கீழே தொளதொளவென்று தொங்கியது. குறுக்கே இருந்த ஒரு கிளையைத் தாண்ட இடுப்புக் கயிற்றைக் கழற்றினான். "மாட்டுங்க, மாட்டுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கால் வழுக்கியது. தொங்கிய கயிறு முழுவதும் ஓடி முடிகிற வரைக்கும் விழுந்தான். பிறகு வெடுக்கென்று நின்று, ஊசலாடி, மரத்தண்டில் மோதினான். அணைந்த ரம்பம் அவன் காலடியில் தன் வாரில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கை தப்பான பக்கம் மடங்கியிருந்தது.

தொங்குகிற ஆளை அப்படியே விட்டு வைக்கக் கூடாது. ரத்தமெல்லாம் காலில் இறங்கி மயக்கமாகும், அதற்கு மேலும் ஆகும். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மரத்தடியில் இருந்த பையைப் பார்த்தான். அதில்தான் அவசரத்துக்கான இரண்டாவது பெல்ட், அவனுடைய பழைய பெல்ட், இருந்தது.

"ஏறு," என்றான். "சீக்கிரம் ஏறும்மா."

பாக்கிறவன் என்ன சொல்லுவான் என்று அப்போது அவன் கேட்கவில்லை.

துண்டு கொண்டு வரவில்லை. என் சட்டையின் மேல் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் சுற்றி, அதன்மேல் இறுக்கினேன். அவசரத்துக்கென்று மரத்தில் முன்பே போட்டு வைத்திருந்த இரண்டாவது கயிற்றை மாட்டினேன். அண்ணன் முன்னால் நின்றேன்.

"பாத்து சொல்லு."

"என்னது?"

"ஏறலாம்னு சொல்லு. நீ சொல்லாம நான் ஏற மாட்டேன்."

பட்டைகளை இழுத்தான், கொக்கியைத் தட்டினான். "ஏறலாம்," என்றான்.

ஏறினேன். பெல்ட் ஒவ்வோர் எட்டுக்கும் விலாவுக்கு ஏறியது. கிட்டே போனபோது மாப்ளயின் உதடு வெளுத்திருந்தது. என் சட்டையை நல்ல கையால் பிடித்துக்கொண்டான்.

"விட்டுடாதீங்க. தயவுசெஞ்சு விட்டுடாதீங்க."

"விட மாட்டேன். என் பெல்ட்ல தொங்குறீங்க. அது விடாது."

அவனை என்னோடு சேர்த்துக் கொக்கி போட்டு, கயிற்றில் மெல்ல மெல்ல இறக்கினேன். ஆம்புலன்ஸ் வந்தது. கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, வேறொன்றும் இல்லை என்றார்கள். அண்ணி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ எங்க குலசாமி" என்றார். உண்மையாகத்தான் அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

சாயங்காலம் அண்ணன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். "மாப்ள தைரியசாலி, அதான் பொழச்சான். தங்கச்சியும் கூட மாட ஒத்தாசையா இருந்தா." பேசி முடித்துவிட்டு என் அறைக்கு வந்தான். கையில் அந்த பெல்ட். தூசி தட்டி, துடைத்து, மடித்து எடுத்து வந்திருந்தான்.

"இந்தா. இனிமே இது உன்னோடதுதான். மாப்ள கை சேர்ற வரைக்கும் நீயே ஏறு."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, என் மனசு துள்ளியது. அதை நினைத்தால்தான் இப்போதும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

"அவருக்குக் கை சேர்ந்ததும்?"

"அவனுக்குப் புதுசு ஒண்ணு சொல்லிட்டேன். விழுந்த பெல்ட்ட மறுபடி அவன கட்டச் சொல்ல முடியுமா?"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். "அது நல்லாத்தான் இருக்கு. ஒரு கீறல் இல்ல. நான் பாத்துட்டேன்."

பெல்ட்டை வாங்கி, எழுந்து நின்று, கட்டிக்கொண்டேன். துண்டு வேண்டியிருக்கவில்லை. வளையம் இரண்டும் கை போன இடத்தில் இருந்தன. அண்ணன் முகம் தெளிந்தது.

"பாத்தியா, உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு," என்றான்.

கழற்றினேன். மேசையிலிருந்து கத்தியை எடுத்தேன். இடுப்புப்பட்டை தடிமன், கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தொடைப்பட்டைகள் சுலபமாக வந்தன.

"ஏய்! பைத்தியமா உனக்கு?"

சத்தம் கேட்டு ஓடி வந்த அண்ணி, தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்து வாயில் கை வைத்தார். "அடிப்பாவி! எந்தம்பி போட்டதுங்கிற வயித்தெரிச்சல்ல புது பெல்ட்ட இப்படி நாசம் பண்ணிட்டியே! அவன் கைய ஒடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான், உனக்கு இதுதான் தோணுச்சா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். எதற்காக வெட்டுகிறோம் என்று அவனுக்குத் தெரியும். கட்டுப்பாட்டை வைத்தவனே அவன்தான். ஒரு வார்த்தை, 'அவ செஞ்சது சரிதான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அடுத்த நாள் அவனுடைய தொளதொளத்த பழைய பெல்ட்டைக் கட்டிக்கொண்டாவது ஏறியிருப்பேன். அவன் குனிந்து, துண்டுகளோடு கிடந்த வளையம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"கோவம் வந்தா இவளுக்குக் கண்ணு மண்ணு தெரியாது," என்றான் அண்ணியிடம். "நான் பாத்துக்கிறேன், நீ போ."

கத்தியை மடக்கினேன்.

"நாளைக்குக் கீழ நிக்கிறதுக்கும் ஆள் பாத்துக்கோ," என்றேன்.